எட்டாவது நாள் அளந்தீர்களா?

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

என் அக்காவின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பதிவையும், எட்டாவது நாள் பழுது பார்த்த இயந்திரத்தின் கதிரை அளந்ததற்கான தாளையும் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு 2 மாதம் கழித்து உங்கள் பதில் வந்தது. மூன்றே வரி. நான் கேட்ட விவரங்கள் பிரிவின் உள்பயன்பாட்டுக்கான தொழில்நுட்பப் பதிவுகளாம். அவற்றை நோயாளிக்கோ உறவினருக்கோ கொடுப்பதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறதாம். சிகிச்சை திட்டமிட்டபடி நிறைவடைந்ததாம். கீழே கையெழுத்து, முத்திரை. அந்த முடிவை ஏற்க என்னால் முடியவில்லை. அதனால்தான் அடுத்த கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எழுதவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தார் இந்தச் சிகிச்சைக்கு நாகர்கோவில் முதல் திருவனந்தபுரம், திருநெல்வேலி, மதுரை வரை பல இடங்களுக்குப் போகிறோம். அவற்றில் நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். இன்று காலையும் உங்கள் வராந்தாவில் எங்கள் ஊர்க்காரர்கள் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். இதைப் படித்துப் பயந்து அவர்களில் ஒருவர்கூடச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது. கதிர்வீச்சு உயிரைக் காக்கிறது. என் அக்காவையும் காக்கும் என்றே நம்புகிறேன். பாதியில் விடுவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்பதை இதைப் படிக்கும் நோயாளிகள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு 54 வயது. திருவட்டார் பக்கம் எங்கள் வீடு. பால் வெட்ட ஆள் வராத நாளில் தானே கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இறங்குகிறவள். இடது மார்பில் கட்டி, ஆபரேஷன், கீமோ, அதன்பின் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் இதைக் 'கரண்டு வைக்கது' என்பார்கள். மொத்தம் 40 கிரே, 15 தடவையாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 2.67 கிரே என்று டாக்டர் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கிரே என்றால் என்ன என்று அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு யாரும் எதையும் விளக்கியதாகத் தெரியவில்லை.

முதல் நாள் முடித்து வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "மக்ளே, சூடும் இல்ல, வெட்டமும் இல்ல. நெசமாட்டு எனக்க மேல வல்லதும் பட்டுதா?" வெட்டம் என்றால் எங்கள் பக்கம் வெளிச்சம், வல்லதும் என்றால் ஏதாவது.

அந்தக் கேள்விக்கு மேல் ஒரு கேள்வியை நான் இதுவரை வகுப்பில் கேட்டதில்லை. ஒரு கிலோ நிறையில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. அக்காவுக்கு ஒரு நாளில் கொடுக்கும் 2.67 கிரேயைத் தண்ணீரில் செலுத்தினால் அதன் வெப்பம் 0.00064 டிகிரி கூடும். ஒரு டிகிரியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குகூட இல்லை. கை வைத்தால் தெரியாது, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கும் தெரியாது. அந்த ஆற்றல்தான் செல்லின் மரபிழையை அறுக்கிறது. ஊசி போட்டால் வலிக்கும், மாத்திரை கசக்கும், சொட்டு மருந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இந்த ஒரு மருந்து மட்டும் நோயாளியின் எந்தப் புலனுக்கும் எட்டாது. வந்ததா, கூடுதலாக வந்ததா, குறைவாக வந்ததா என்பதைச் சொல்ல ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி சொன்னதை எழுதி வைத்த ஒரு தாள் வேண்டும்.

ஏழாவது தடவை முடிந்த அன்று மாலை இயந்திரம் நின்றுபோனது. இரண்டு நாள் வர வேண்டாம் என்று போன் வந்தது. மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளியூரிலிருந்து வந்த எஞ்சினியர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். கனத்த கதவு திறந்து மூடும் இடைவெளியில் இயந்திரத்தின் வெள்ளை மூடிகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கதிரை உண்டாக்கத் தேவையான நுண்ணலையைக் கொடுக்கும் மேக்னட்ரான் என்ற பாகத்தை மாற்றுகிறார்கள் என்று வராந்தாவில் பேச்சு. மதியம் 2 மணி வாக்கில் எஞ்சினியர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சரியாக 20 நிமிடத்தில் அக்காவின் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அந்த 20 நிமிடமும் நான் கதவுக்கு நேர் எதிரே இருந்தேன். கதிரை அளக்கப் பயன்படும் தண்ணீர்த் தொட்டியோ, பிளாஸ்டிக் பலகைகளோ, அளவுக் கருவியோ உள்ளே போகவில்லை. டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன், "ரிப்பேருக்கு அப்புறம் அளந்து பாத்தாச்சா?" அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "காலைலயே செக் பண்ணியாச்சு டீச்சர்." காலையில் அந்த இயந்திரம் ஓடவே இல்லை.

எஞ்சினியர் உள்ளே இருந்தபோதே, கதிரின் அளவுக்குப் பொறுப்பான உங்கள் மருத்துவ இயற்பியலாளர் அளந்திருக்கலாம். கருவிகள் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் அது உங்கள் பதிவேட்டில் ஒரு வரியாக, நேரத்தோடும் கையெழுத்தோடும் இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் கேட்டேன். அக்காவுக்குத் தவறான அளவு போனது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. சரியான அளவு போனது என்பதற்கு என் கையில் எதுவும் இல்லை என்கிறேன். கேட்ட பிறகும் நீங்கள் காட்டவில்லை என்கிறேன்.

உங்கள் பிரிவில் எனக்குக் கிடைத்த பதில், "திரையில சரியாத்தான் காட்டிச்சு" என்பது. அதை நான் எளிதாக விட முடியாது. இயந்திரத்தின் தலைக்குள் அளவிகள் இருக்கின்றன. கதிர் அவற்றின் வழியே போகும்போது அவை மானிட்டர் யூனிட் என்று எண்ணிக்கொண்டே வருகின்றன. குறித்த எண்ணிக்கை வந்ததும் கதிர் நிற்கிறது. திரையில் தெரிவது அந்த எண்ணிக்கை. ஒரு மானிட்டர் யூனிட்டுக்கு எவ்வளவு கதிர் என்பதை வெளியிலிருந்து வேறொரு கருவியால் அளந்து பொருத்தி வைத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். பொருத்தம் நழுவினாலும் திரையில் அதே எண்தான் வரும்.

ரப்பர் பால் விற்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. பால் எடுக்க வருகிறவர் மெட்ரோலாக் என்ற அளவுக்கோலைப் பாலில் மிதக்கவிட்டு டி.ஆர்.சி., அதாவது பாலில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்வார். அப்பா இருந்த காலத்தில் ஒரு நாள் அவர் 32 என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன பாட்டிலில் சாம்பிள் எடுத்து, லேபில் உலர்த்தி, நிறுத்துப் பார்க்கச் சொன்னார். 35 வந்தது. அந்த வியாபாரி கோபப்படவில்லை. கோல் தப்பும், அதற்குத்தான் லேப் இருக்கிறது என்றார். மிதக்கிற கோலை இன்னொரு கோலால் சரிபார்ப்பதில்லை, உலர்த்தி நிறுத்துச் சரிபார்ப்பார்கள். ஒரு பேரல் பாலுக்கு எங்கள் ஊரில் இந்த முறை உண்டு. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் முத்திரை போட்ட 5 லிட்டர் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல எந்த வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு.

என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவி ஒருத்தி இப்போது வேறொரு மாநிலத்தில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறாள். விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனபோது, அவர்கள் மருத்துவமனை அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமை தன் வேலையைக் காட்டினாள். 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள கண்ணாடித் தொட்டி போன்ற ஒன்றில் தண்ணீர். நீர்ப்பரப்புக்குக் கீழே 10 சென்டிமீட்டர் ஆழத்தில், சேம்பர் என்ற கதிர் அளக்கும் சிறு கருவியை நிறுத்தினாள். விரல் தடிமன்கூட இல்லாத அந்தச் சேம்பரின் நுனியில் 0.6 கன சென்டிமீட்டர் காற்று. கதிர் பட்டதும் அந்தக் காற்றில் மின்சுமை பிரிகிறது. சுவருக்கு வெளியே இருக்கிற, மின்சுமையை அளக்கும் எலக்ட்ரோமீட்டரில் அது நானோகூலும் கணக்கில் எண்ணாக வருகிறது. எண்ணைக் குறிப்பதற்கு முன் அவள் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்தாள், காற்றழுத்தத்தைப் பார்த்தாள். சேம்பர் காற்றுக்குத் திறந்தது. வெப்பம் ஏறினால் அதற்குள் காற்று குறையும், எண்ணும் குறையும். 20 டிகிரிக்குச் சான்று வாங்கிய சேம்பரை 30 டிகிரியில் வைத்து, திருத்தாமல் எண்ணை எடுத்தால் 3 விழுக்காட்டுக்கு மேல் பிழை. நான் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஏ.சி. நின்றுபோன ஒரு நாகர்கோவில் மதியத்தில் நடக்கக்கூடிய பிழை அது.

"இவ்வளவும் ஒரே ஒரு எண்ணுக்கா பிள்ளே?" என்று கேட்டேன். "அந்த எண் தப்பினா அன்னைக்குப் படுக்கிற எல்லாருக்கும் தப்பும் டீச்சர்" என்றாள். ஒரு மருத்துவர் தவறினால் ஒரு நோயாளி. அளவு தவறினால் அந்த இயந்திரத்துக்குக் கீழே வருகிற ஒவ்வொருவரும்.

எவ்வளவு தவறலாம்? கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேசக் குழு 1976-லேயே தன் 24-ஆவது அறிக்கையில், நோயாளிக்குப் போய்ச் சேரும் அளவு 5 விழுக்காட்டுக்குள் சரியாக இருக்க வேண்டிய தேவையைச் சொல்லிவிட்டது. திட்டம் போடுவது, நோயாளியைக் கிடத்துவது, இயந்திரத்தின் வெளியீடு எல்லாம் சேர்ந்து அந்த 5-க்குள் அடங்க வேண்டும். அதனால்தான் இயந்திரத்தின் அன்றாட வெளியீட்டுக்கு 3 விழுக்காட்டு எல்லை வைத்திருக்கிறார்கள். அக்காவின் இடது மார்புக்குப் பின்னால் இருப்பது இதயம்.

இது நடக்காத விஷயத்தைப் பற்றிய பயம் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்திருக்கிறது.

1996-ல் கோஸ்டாரிகாவில், சான் ஹோசேயில், சிகிச்சை இயந்திரத்தில் கதிர் கொடுக்கும் கோபால்ட் மூலத்தை மாற்றிய பின் அளந்தவர்கள் 0.3 நிமிடத்தை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 0.3 நிமிடம் என்பது 18 விநாடி. நான் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களின் நோட்டில் சிவப்பு மையால் திருத்துகிற பிழை அது. அங்கே அதைத் திருத்த இரண்டாவது ஆள் இல்லாமல் போனதால் 115 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர் போனது. பழுதோ மாற்றமோ நடந்த உடனே எடுக்கும் அளவுதான் மிக முக்கியமான அளவு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

பிரான்ஸில் எபினால் என்ற ஊரில் 2004 மே முதல் 2005 ஆகஸ்ட் வரை புராஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த 24 பேருக்குக் கூடுதல் கதிர் போனது, சிலர் உயிரிழந்தார்கள். புதிய முறைக்கு மாறியபோது கணினித் திட்டத்தில் தவறான தேர்வைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கணினி நிரல் ஆங்கிலத்தில் இருந்தது, பிரெஞ்சு மொழியில் கையேடு இல்லை. அதுவரை அவர்களிடம் இரண்டு காவல்கள் இருந்தன: தனியாக ஒரு கணக்குச் சரிபார்ப்பு, நோயாளியின் உடம்பில் டையோடு என்ற சிறு கதிர் அளவியை வைத்து அளப்பது. புதிய முறைக்கு அவை ஒத்துவரவில்லை என்று இரண்டையும் நிறுத்திய பிறகுதான் இது நடந்தது. அதற்குப் பின் பிரான்ஸில் புற்றுநோய் மையங்களுக்கு விதித்த தர நிபந்தனைகளில் ஒன்று, அளக்க முடிந்த இடத்தில் எல்லாம் சிகிச்சையின் முதல் அல்லது இரண்டாம் தடவையிலேயே நோயாளியின் மேல் கருவி வைத்து அளக்க வேண்டும் என்பது.

இவை இரண்டும் கூடுதல் கதிரின் கதை. கூடினால் தோல் வேகும், குடல் புண்ணாகும், யாராவது கேட்பார்கள். குறைந்தால்? இங்கிலாந்தில் ஸ்டோக் நகர மருத்துவமனையில் 1982 முதல் 1991 வரை ஏறக்குறைய 1000 நோயாளிகளுக்குக் குறைவான கதிர் போனது. கதிர் மூலத்துக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரத்துக்கான திருத்தத்தைக் கணினியே செய்துகொண்டிருக்க, ஊழியர்கள் கையாலும் அதே திருத்தத்தைச் செய்துவந்தார்கள். புதிய கணினி வந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்பது ஆண்டு எந்த நோயாளியும் புகார் சொல்லவில்லை. குறைவான கதிர் வலிக்காது. நோய் திரும்பி வரும். வந்தால் விதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போய்விடுவோம். எனக்குத் தூக்கம் கெடுவது இந்தக் கதையால்தான்.

பன்னிரண்டாவது நாள் அக்காவின் அக்குளுக்குக் கீழே தோல் கருத்து உரிந்தது. நர்ஸ் களிம்பு கொடுத்தார், எல்லோருக்கும் வருவதுதான் என்றார். வரும் என்று எனக்கும் தெரியும். குறி போட்ட ஊதா மை வியர்வையில் அழிந்துவிடக் கூடாதென்று அக்கா மூன்று வாரம் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்தாள். மழை நாளில் பஸ்ஸில் நனைந்தால் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தக் குறியைத்தான். தன் பங்கை அவள் அவ்வளவு கவனமாகச் செய்தாள். கோடு ஒரு மில்லிமீட்டர் விலகக் கூடாதென்று அவளிடம் கேட்ட நீங்கள், உங்கள் பங்கின் கோட்டைக் காட்டச் சொன்னபோது அது உள்பயன்பாட்டுக்கு என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் என்னிடம் வாய்மொழியாகச் சொன்ன காரணங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

எண்களைக் கொடுத்தால் நோயாளிகள் குழம்புவார்கள் என்றார் ஒருவர். சர்க்கரை 180 என்றால் என்ன, 110 என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்வாள். யாரோ ஒரு முறை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். "உங்களுக்குத் திட்டமிட்டது இவ்வளவு, அளந்தபோது வந்தது இவ்வளவு, இந்த வித்தியாசம் வரலாம்" என்று தமிழில் மூன்று வரி எழுத முடியாத அளவுக்கு இது சிக்கலானதும் அல்ல. மொழி தெரியாத நிரலால் எபினாலில் வந்த கேடு நிபுணர்களுக்கே வந்தது. எங்களுக்கு ஆங்கிலத்தில்கூட ஒரு தாள் இல்லை.

நேரம் இல்லை என்றார் இன்னொருவர். இதை நான் மதிக்கிறேன். அக்காவின் டோக்கன் ஒரு நாள் 63 ஆக இருந்தது. அந்தத் தம்பிகளும் தங்கைகளும் இருட்டிய பிறகும் நின்று வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் டையோடை உடம்பில் ஒட்டி அளக்கச் சில நிமிடம்தான் கூடுதல், அதுவும் ஒரு நோயாளிக்கு ஆரம்பத்தில் ஒரு தடவை. இயந்திரம் சுற்றிச் சுற்றிக் கதிர் கொடுக்கும் முறைகளுக்கு டையோடு அவ்வளவு ஒத்துவராது என்பதும் தெரியும். அதற்கு நோயாளியைக் கடந்து வரும் கதிரைப் படம் பிடிக்கும் பலகையை வைத்து அளவைக் கணக்கிடலாம். உங்கள் இயந்திரத்தின் கீழே அந்தப் பலகை மடங்கி இருப்பதை அக்காவே பார்த்திருக்கிறாள். ஆள் போதவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். இயற்பியலாளர் இன்னொருவரைக் கேட்டு நாங்களும் உங்களோடு சேர்ந்து மனு கொடுக்கிறோம்.

எங்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறது என்பது மூன்றாவது பதில். இருக்கும், இருந்தே ஆக வேண்டும். 1983-ல் அமைந்த அந்த வாரியத்தின் உரிமம் இல்லாமல் இந்த இயந்திரத்தை ஓட்ட முடியாது. அந்த உரிமம் பெற்றவர்கள் தரச் சோதனைகளைச் செய்து பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் அதனோடு வருகிற கடமை. நான் கேட்டது அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம்.

கொடுக்க மாட்டோம் என்று நிர்வாகம் முடிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். 3 ஆண்டு அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். அக்காவின் கையெழுத்தோடுதான் என் கடிதம் வந்தது. எந்த நாளில் எத்தனை கிரே கொடுத்தீர்கள் என்பது மருத்துவ ஆவணம் இல்லை என்றால் வேறு எது ஆவணம்? மாத்திரைச் சீட்டில் மில்லிகிராம் எழுதாமல் கொடுப்பீர்களா?

எங்கள் மாவட்டத்துக்குக் கதிர்வீச்சு புதிய சொல் அல்ல. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் மோனசைட்டை அடையாளம் கண்டது மணவாளக்குறிச்சி மணலில். அந்த மணலில் உள்ள தோரியத்தைப் பற்றியும், அது கடலோர மக்களுக்குச் செய்வது என்ன என்பது பற்றியும் பல ஆண்டுகளாக ஊர்க்கூட்டங்களில் பேசி வருகிறோம். கருவியோடு வந்து மணலை அளந்து போகிறவர்களைக் கடலோரப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். மணலிலிருந்து ஓர் ஆண்டில் உடம்புக்குக் கிடைப்பதை மில்லிகிரே கணக்கில் பேசுகிறோம். சிகிச்சையில், உடம்பின் ஒரு பகுதிக்குத்தான் என்றாலும், சில நிமிடங்களில் முழு கிரே கணக்கில் போகிறது. அங்கே அளவைப் பற்றிக் கேட்கப் பழகிய மக்கள் இங்கே மட்டும் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

நான் வேண்டுவது இவை.

அக்காவின் 15 தடவைக்குமான பதிவின் நகல் வேண்டும்: தேதி, நேரம், கொடுத்த மானிட்டர் யூனிட், திட்டமிட்ட கிரே. எட்டாவது தடவை நடந்த அன்று, பழுது பார்த்த பிறகு, அவளைப் படுக்க வைப்பதற்கு முன் எடுத்த வெளியீட்டு அளவின் நகல் வேண்டும், அளந்தவர் கையெழுத்தோடு. அப்படி ஓர் அளவு எடுக்கப்படவில்லை என்றால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். பழுதுக்கு முன் கடைசியாக அளந்ததையும் பின் முதன்முதலாக அளந்ததையும் வைத்து அன்று அவளுக்குப் போன அளவை உங்கள் இயற்பியலாளர் கணக்கிட்டு, எங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அன்று பிற்பகல் அக்காவுக்குப் பின்னால் டோக்கனோடு காத்திருந்த அனைவருக்கும் அதே கணக்கு போக வேண்டும். அவர்கள் கேட்கவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது.

இனிமேல் கதிரின் அளவைத் தொடக்கூடிய எந்தப் பழுதுக்குப் பிறகும் இயற்பியலாளர் அளந்து கையெழுத்திடும் வரை எந்த நோயாளியையும் உள்ளே கூப்பிடாதீர்கள். அந்தக் கையெழுத்தின் நேரத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே ஒரு பலகையில் எழுதுங்கள். நாங்கள் இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்கத் தயார். இரண்டு நாள் காத்திருந்தோம் அல்லவா.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், முடிந்த இடத்திலெல்லாம், முதல் அல்லது இரண்டாம் தடவையில் உடம்பின் மேல் வைத்தோ கடந்து வரும் கதிரைக் கொண்டோ அளந்து, திட்டமிட்ட அளவையும் அளந்த அளவையும் நோயாளியின் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள். மலையாளம் படிக்கிறவர்களுக்கு மலையாளத்தில்.

சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் கதிரைப் பதிந்துகொள்ளும் பொருள் வைத்த சின்னக் குப்பிகளைத் தபாலில் அனுப்பி, அவற்றின் மேல் கதிர் செலுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லி, மருத்துவமனை சொல்லும் அளவு சரியா என்று வெளியிலிருந்து பார்க்கின்றன. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதைச் செய்கிறது. உங்கள் இயந்திரம் கடைசியாக எந்தத் தேதியில் அப்படிச் சோதிக்கப்பட்டது, வித்தியாசம் எத்தனை விழுக்காடு என்பதை வராந்தாவில் ஒட்டுங்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் இயற்பியலாளரை நோயாளிகள் நேரில் பார்த்துக் கேட்க வழி செய்யுங்கள். மூன்று வாரமும் அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் இதே மடலின் நகலை அனுப்பியிருக்கிறேன். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தபோது அக்காவை அட்டையோடு உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள், ஸ்கேன், பயாப்சி எல்லாம் இணைத்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும்போது அளந்த கதிரளவுத் தாளையும் கட்டாயம் இணைக்கச் சொல்ல வேண்டும், அதன் ஒரு நகல் நோயாளி கைக்கு வர வேண்டும் என்பது அவர்களிடம் என் கோரிக்கை.

அக்காவின் அடுத்த பரிசோதனை 30 நாளில் இருக்கிறது. அவளோடு நானும் வருவேன். அன்று அந்த எட்டாவது நாளின் தாளை அவள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை, இயற்பியல் ஆசிரியை,
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்